பெயரில்லாத பொறியியலாளன்

எடித் வார்ட்டன் அம்மையார் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஈதன் புரோம்' என்னும் சிறு நாவலை ஒருமுறை படித்தவர்க்கு, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றின் பனியும், உடலின் ஒருபக்கம் முடங்கி நொண்டி நடக்கும் ஈதனின் உருவமும், சரிவின் அடியிலே நிற்கும் எல்ம் மரமும் எளிதில் மறவா. ஆயின் இவற்றையெல்லாம் நமக்குக் காட்டியவன் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் மிகச் சிலரே. அவனுக்கு நாவலிலே பெயர் கிடையாது. ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. இலக்கிய வகுப்புக்களிலே அவனுக்கு ஒதுக்கப்படுவது இரண்டு வாக்கியங்களே: வெளியூரான் ஒருவன் வருகிறான், கதையைக் கேட்டுச் சொல்கிறான், இது ஒரு உத்தி. அத்துடன் அவனை வாசலில் நிறுத்திவிட்டு ஆசிரியர் பனியின் வெண்மைக்கும் கண்ணாடித் தட்டின் செம்மைக்கும் குறியீட்டுப் பொருள் காணப் போய்விடுகிறார்.

இந்தப் பழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அவனைப் படத்துக்கு இட்ட சட்டமாகக் கருதுவோர் படத்தை வரைந்த கையையே காணாதுவிடுகின்றனர். மூன்று மனிதரின் வறுமை எப்படி ஒரு 'சோக காவியம்' ஆயிற்று, அவ்வாறு ஆகும்போது எவை சேர்க்கப்பட்டன, எவை கைவிடப்பட்டன என்பனவற்றை அறிய வேண்டுமானால் இந்தப் பெயரற்றவனையே முதலில் விசாரணைக்கு அழைக்க வேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஸ்டார்க்பீல்ட் என்பது அந்தக் கற்பனைக் கிராமத்தின் பெயர். வளமற்ற காணி ஒன்றும், மரம் அரியும் ஆலை ஒன்றும் ஈதனின் சொத்து. அவன் வூஸ்டர் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓராண்டு படித்தவன். தகப்பன் இறக்கவே படிப்பை விட்டவன். தாயைப் பராமரிக்க வந்த ஸெனோபியாவைத் தாய் இறந்தபின் தனிமைக்கு அஞ்சி மணந்தான். அவள் அவனைவிட ஏழு வயது மூத்தவள்; விரைவிலே நோயாளியானாள். அவளுக்கு உதவியாகக் கூலியின்றி வேலை செய்ய வந்தவள் அவளுடைய உறவுப் பெண் மேட்டி சில்வர். ஈதனும் மேட்டியும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அவளை வெளியேற்றிவிட்டுக் கூலிக்கு ஒருத்தியை அமர்த்துவதென ஸெனோபியா முடிவு செய்கிறாள். பிரியும் மாலையில் இருவரும் சறுக்குவண்டியில் ஏறிச் சாவை நாடி எல்ம் மரத்தில் மோதுகின்றனர். சாவு கிட்டவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், மேட்டி எழுந்து நடமாட இயலாதவளாக, ஸெனோபியாவின் பராமரிப்பிலே, அதே வீட்டில் முனகிக்கொண்டிருக்கிறாள்.

இதைச் சொல்பவன் ஒரு பொறியியலாளன். கோர்பரி என்னும் இடத்திலே எழும் பெரிய மின்நிலையம் ஒன்றின் வேலைக்காக முதலாளிமாரால் அனுப்பப்பட்டவன். அங்கே தச்சுத் தொழிலாளர் நெடுநாள் வேலைநிறுத்தம் செய்தமையால் வேலை தடைப்பட்டது. ஆகவே அவன் ஒரு பனிக்காலத்தின் பெரும்பகுதியை ஸ்டார்க்பீல்டில் கழிக்க நேர்ந்தது. இச்செய்தி நாவலின் தொடக்கத்தில் ஒரே வாக்கியத்தில் வந்து போகிறது. தச்சர்கள் யாது கேட்டனர்? கூலியா, வேலைநேரமா? அவர்கள் வென்றனரா, தோற்றனரா? ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் உளியையும் வாளையும் கீழே வைத்திராவிட்டால் இந்த மனிதன் ஸ்டார்க்பீல்டில் தங்கியிருக்கமாட்டான். நமக்கு இந்த நாவலும் கிடைத்திராது. தமது நிலையை மாற்ற மனிதர் ஒன்றுகூடிச் செயற்படும் காட்சி நாவல் முழுவதிலும் இந்த ஒரு வாக்கியத்திலேதான் உண்டு. அது இவனுக்கு ஓர் இடையூறு, அவ்வளவே.

தச்சரைக் காணாத அதே கண்களே ஈதனையும் காண்கின்றன. இதனை நாம் அவதூறாகச் சொல்லவில்லை, நாவலே சாட்சி. ஸ்டார்க்பீல்டின் அவலத்துக்கு அவன் காணும் காரணம் பனிக்காலம். மாதக்கணக்காக முற்றுகையிடும் பனியிலே மனிதரின் உயிரோட்டம் உறைந்துபோகிறது என்பதே அவனது சித்தாந்தம். ஈதனை அந்த உறைந்த நிலத்தின் ஒரு பகுதியாகவே அவன் பார்க்கிறான். ஆனால் ஈதன் வாய்திறந்து ஒரு காரணம் சொல்கிறான். தன் வீட்டு வழியே முன்னர் போக்குவரத்து இருந்தது. புகையிரதப் பாதை அப்பால் போடப்பட்ட பின்னர் அவ்வழியே வருவாரில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் அதற்கான காரணத்தையே விளங்கிக்கொள்ளாமல் நொந்து செத்தாள் என்கிறான். பனிக்காலம் ஆதியிலிருந்தே அங்கு உண்டு. புகையிரதமோ நேற்று வந்தது. பாதை எந்த ஊரைத் தொடவேண்டும், எந்த ஊரை விலக்கவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் வானத்துத் தேவர்கள் அல்லர். ஈதன் சொன்ன இந்தச் சாட்சியத்தை அந்தப் பொறியியலாளன் நமக்கு ஒப்புவிக்கிறான். ஒப்புவித்துவிட்டு, கேளாதவன்போல மீண்டும் பனியை வருணிக்கத் தொடங்குகிறான். மின்நிலையம் கட்ட வந்தவனுக்குப் புகையிரதத்தின்மேல் பழிபோட மனம் வராது போலும்!

இன்னொரு இடம். ஈதனின் வீட்டையும் தொழுவத்தையும் இணைக்கும் கட்டடப்பகுதி இடிக்கப்பட்டிருக்கிறது. நியூ இங்கிலாந்து பிரதேசத்து விவசாயிக்கு வீட்டின் உயிர்நிலையே அந்தப் பகுதிதான். பனியில் நனையாமல் அவன் வேலைக்குப் போகும் வழி அது. அதனை இடிக்க வேண்டியதாயிற்று என்கிறான் ஈதன். ஏன் என்று இவன் கேட்டானா? இல்லை. குறுகிப்போன வீட்டிலே குறுகிப்போன ஈதனின் உடலைக் காண்கிறான். ஒரு குடும்பம் வாழ வழியின்றித் தன் வீட்டையே வெட்டிச் சுருக்கிய செய்தி, இவன் கையிலே ஓர் அழகிய உவமையாகிவிடுகிறது. உவமை நன்றாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் அதில் ஆபத்து அதிகம்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைக் கவனித்தல் வேண்டும். வார்ட்டன் அம்மையார் இக்கதையை முதலில் தம் பிரெஞ்சு மொழிப் பயிற்சிக்காகச் சில பக்கங்கள் எழுதிப்பார்த்தார். அந்தப் படியிலே வெளியூரானும் இல்லை. சறுக்குவண்டி மோதும் நிகழ்ச்சியும் இல்லை. மணமானவன் ஒருவன், நோயாளி மனைவி, வெளியேறும் பெண் என்ற சாதாரணச் சம்பவமே இருந்தது. 1904ஆம் ஆண்டிலே லெனக்ஸ் என்னும் ஊரிலே இளைஞர் சிலர் ஏறிச்சென்ற சறுக்குவண்டி விளக்குக் கம்பத்தில் மோதி ஒரு பெண் இறந்தாள். அந்த ஊரிலே மாளிகை கட்டி வாழ்ந்தவர் அம்மையார். அந்த விபத்தும் பெயரற்ற பொறியியலாளனும் பின்னரே கதைக்குள் வருகின்றனர். வெறுங்கதை சோக நாவலானது இவ்விரண்டின் சேர்க்கையாலேயே என்றால் தவறில்லை.

அம்மையார் 1922ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் தமது முறையை விளக்கியுள்ளார். ஊரவர் ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கு எட்டிய அளவே சொல்வர். முழுவதையும் காணும் விசாலம் கதை கூறுவோனுக்கு மட்டுமே உண்டு என்கிறார். அத்துடன் நில்லாது, வளர்ச்சியடையாத எளிய மாந்தருக்கும் சிக்கலான மனம் படைத்த வாசகருக்கும் நடுவே அனுதாபமுள்ள இடையாளாக அவன் நிற்கிறான் என்றும் கருத்துரைக்கிறார். முன்னுரையின் இந்த இடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது யோசித்தோம். யார் வளர்ச்சியடையாதவர்? பன்னிரண்டு மணி நேரம் மரத்தோடும் மாட்டோடும் மாரடித்தபின், வண்டியிலே அந்தப் பொறியியலாளன் மறந்துவிட்ட உயிரின இரசாயன நூலைக் கண்டு, அதில் தான் அறியாத விஷயங்கள் நிறைந்திருப்பதை எண்ணி மனம் புழுங்கி, இரவல் பெற்றுக்கொண்ட ஈதனா? இருவரும் ஒரே வித்தையை நாடியவர்கள். ஒரு காலத்தில் புளோரிடாவரைக்கும் இருவருமே போய்வந்தவர்கள். ஒருவன் பட்டதாரியாக முதலாளியின் செலவிலே ஊருக்கு வருகிறான். மற்றவன் தகப்பன் செத்தமையால் கல்லூரியை விட்டவன். இடையிலே உள்ளது ஈடுவைத்த காணியின் கடனேயன்றி மூளையின் தரம் அன்று. இடையாள் என்ற சொல்லுக்குத் தமிழிலே தரகன் என்றொரு சொல் வழங்குவதை வாசகர் நினைவிற் கொள்வாராக.

1977ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் சிந்தியா கிரிபின் வொல்ப் என்னும் விமர்சகர், இந்நாவல் உண்மையிலே அந்தக் கதை கூறுவோனைப் பற்றியது என்று வாதிட்டார். ஈதனின் இளமைக்கதை வரலாறன்று. அவன் வாசற்படியிலே நின்று கற்பித்துக்கொண்ட காட்சியே என்றார். இதனை மறுக்க முடியாது. ஊரவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள் என்று அவனே தொடக்கத்தில் கூறுகிறான். ஓரிரவு ஈதனின் வீட்டினுள் காலடி வைத்தபோது தனக்குத் துப்புக் கிடைத்ததாகவும், இக்காட்சியைத் தொகுக்கத் தொடங்கியதாகவும் ஒப்புக்கொள்கிறான். அதன்பின் வரும் ஒன்பது அத்தியாயங்களிலும் ஈதனின் நெஞ்சுக்குள்ளே புகுந்து பேசுகிறான். யார் கொடுத்த உரிமை? ஆயினும் வொல்ப் அவர்கள் அவனது உள்ளத்து அச்சங்களோடு நின்றுவிட்டார். அவன் தன் அச்சத்தால் மட்டும் கதை கட்டவில்லை. தன் உத்தியோகத்தாலும் கட்டினான். அதனையே நாம் வற்புறுத்துகிறோம்.

லயனல் டிரில்லிங் என்னும் பேராசிரியரின் கட்டுரையோ 1956இல் வெளியாகிப் பல்கலைக்கழகங்களிலே பெரும் செல்வாக்குப் பெற்றது. ஈதனின் கதையிலே அறம் சார்ந்த தெரிவு எதுவும் நிகழவில்லை. பழக்கத்தின் உந்துதலாலே நாளாந்தக் கடமைகளைச் செய்து வாழும் மக்களின் சடநிலையே அங்கு காணப்படுகிறது என்பது அவரது முடிவின் சாரம். பேராசிரியர் எட்டாம் அத்தியாயத்தை எப்படிப் படித்தாரோ தெரியவில்லை! ஈதன் மேட்டியுடன் மேற்குத் திசைக்கு ஓடிப்போக எண்ணுகிறான். மனைவிக்குக் கடிதமும் எழுதத் தொடங்குகிறான். பின்பு கணக்குப் பார்க்கிறான். ஈட்டிலே மூழ்கிய காணியை விற்றால் அவளுக்கு ஆயிரம் டாலராவது மிஞ்சுமா என்பதே சந்தேகம். இருவருக்கும் பயணச்சீட்டு வாங்கத் தன்னிடம் பணமும் இல்லை. மரம் வாங்கும் ஹேல் என்பவரிடம் பொய்க்காரணம் சொல்லி முற்பணம் கேட்போம் என்று புறப்படுகிறான். வழியிலே ஹேலின் மனைவி அன்பாக இரண்டு வார்த்தை பேசுகிறாள். தன்மேல் இரக்கங்கொண்ட இருவரை ஏமாற்றப் போகிறோமே என்று வெட்கி, திரும்பிவிடுகிறான். இது தெரிவில்லையானால் தெரிவு என்பது எது? தன் விடுதலைக்கும் அயலவரை வஞ்சியாமைக்கும் இடையிலே ஓர் ஏழை தெரிந்தெடுக்கிறான். தெரிந்தெடுத்ததற்கு ஆயுள் முழுவதும் விலை கொடுக்கிறான். ஐம்பது டாலர் கையில் உள்ளவனுக்கு இத்தகைய அறச்சோதனை வராது. பேராசிரியருக்கு அது கண்ணிற்படாமற் போனதில் வியப்பில்லை. பனியும் சடநிலையும் என்று பொறியியலாளன் விரித்த வலையிலே அவரும் விழுந்தார்.

ஸெனோபியாவுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இதனினும் பெரிது. ஒன்பது அத்தியாயங்களிலும் அவள் ஒரு சூனியக்காரியைப்போலத் தோன்றுகிறாள்: வரண்ட முகம், பொய்ப்பல், நோய், ஓயாத முறைப்பாடு. 1980இல் எலிசபெத் அம்மன்ஸ் என்பவர் இந்தச் சூனியக்காரியை ஆக்கியது சமூகமே என்று காட்டினார். நாம் அதனோடு ஒன்றைச் சேர்ப்போம். அவளது நெஞ்சுக்குள்ளே கதை கூறுவோன் ஒருமுறையேனும் புகவில்லை. ஈதனின் தாயைக் கூலியின்றிப் பராமரித்துத் தன் உடல்நலத்தை இழந்ததாக அவள் சொல்லும்போது, அது ஒரு கொடுமைக்காரியின் குத்தல் பேச்சாகவே நமக்குக் கேட்கிறது. ஆனால் அது உண்மையா பொய்யா? விபத்தின்பின் அதே நோயாளிப் பெண் எழுந்து நின்று, தன் கணவனையும் அவன் காதலித்தவளையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணினாள் என்று ஹேலின் வீட்டுப் பெண்மணி முடிவுரையிலே கூறுகிறாள். இந்த ஒரு செய்தி போதும், அந்த ஒன்பது அத்தியாயத்து ஸெனோபியாவைச் சந்தேகிப்பதற்கு. மூவரும் ஒருவரையொருவர் கடித்துக்குதறுவது அவர்களின் குணத்தாலன்று. மருத்துவருக்கும் வேலைக்காரிக்கும் ஒருங்கே பணமில்லாத வீட்டிலே ஒரு பெண்ணின் ஓய்வு மற்றொரு பெண்ணின் நடுத்தெருவாகிறது. சிவப்புக் கண்ணாடி ஊறுகாய்த் தட்டு உடைந்ததற்கு அவள் அழும் அழுகையைப் படித்துச் சிரிப்போர் உண்டு. அவளுக்கென்று அந்த வீட்டிலே வேறு என்ன இருந்தது?

நம் அணியைச் சேர்ந்த அன்பர்கள் சிலர், இத்தனை குறையுள்ள நூலை ஏன் படிக்கவேண்டும், இது நம்பிக்கை வரட்சியைப் பரப்பும் மேட்டுக்குடி இலக்கியமன்றோ என்று கேட்கக்கூடும். அவர்களோடும் நாம் உடன்படமாட்டோம். 1888ஆம் ஆண்டிலே ஏங்கெல்ஸ் எழுதிய புகழ்பெற்ற கடிதம் ஒன்றிலே, பால்சாக்கின் அரசியற் சார்புகளை மீறி அவரது நாவல்களின் யதார்த்தம் வென்றதை எடுத்துக்காட்டினார். வார்ட்டன் அம்மையார் தம் கட்டமைப்புக்கு முன்மாதிரியாகக் குறிப்பிட்டவற்றுள் பால்சாக்கின் கதையும் ஒன்று என்பது ஒரு சுவையான ஒற்றுமை. நியூயோர்க்கின் பழைய செல்வக் குடும்பத்திலே 1862இல் பிறந்த இவ்வம்மையாரின் முன்னுரை அந்தப் பொறியியலாளனின் பக்கம் நிற்கிறது. நாவலோ அவனைக் காட்டிக்கொடுக்கிறது. வேலைநிறுத்தம், புகையிரதம், ஈடு, கூலியில்லா உழைப்பு, ஐம்பது டாலர் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அவன் மிதித்துச் செல்கிறான், நாம் குனிந்து எடுக்கலாம். குறைந்த நூலாசிரியர் ஒருவர் எழுதியிருந்தால் அந்தத் தடயங்களும் நமக்குக் கிடைத்திரா.

தடயங்களை அழிப்பது எத்துணை எளிது என்பதற்கு 1993இல் வெளிவந்த திரைப்படமே சான்று. அதிலே பொறியியலாளன் இல்லை; அவனுக்குப் பதிலாக ஊருக்குப் புதிதாக வந்த இளம் பாதிரியார் ஒருவர் கதையை அறிகிறார். சிறிய மாற்றந்தானே என்று சொல்வார்கள். பாதிரியார் வந்தால் மின்நிலையம் போயிற்று, தச்சர் போயினர், முதலாளி போயினார். வறுமையின் இடத்தைப் பாவமும் மன்னிப்பும் பிடித்துக்கொள்கின்றன. கதை கூறுவோனின் தொழிலை மாற்றினால் கதையின் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதற்குமேல் நிரூபணம் வேண்டுமா?

இக்கேள்வியை நாம் இத்தனை தூரம் இழுப்பதற்குக் காரணம் உண்டு. இதனைப் படிப்போரிற் பெரும்பாலோர் ஆசிரியர்களும் மாணவர்களும். கற்றவர்களாகிய நாம் விடுமுறையிலும் இடமாற்றத்திலும் பிறருடைய கிராமங்களுக்குச் செல்கிறோம். வாடகைக்கு அறை எடுக்கிறோம். இரவிலே குறிப்புப் புத்தகத்தைத் திறக்கிறோம். ஒரு டாலர் கிடைத்தால் ஈதன் வேண்டாமென்னான் என்று ஊரவன் ஒருவன் சொல்லக்கேட்டு, அந்தப் பொறியியலாளன் அவனது வண்டியிலே அமர்ந்து, அவன் வாழ்வைத் துப்பறிந்தான். அவன் கெட்டவன் அல்லன், இரக்கமும் உள்ளவன். அந்த இரக்கத்தைக் கொண்டே அவன் இத்தனையையும் மறைத்தான்.

அவன் மறைத்ததிலே கடைசியானது ஒன்று உண்டு. மேட்டிக்குச் சாவின்மீது ஆசை வந்தது எப்படி, மரத்தை நோக்கிச் செல்வோம் என்று முதலில் கேட்டது யார் என்பனவற்றை அவன் உறுதியாக எழுதிவிடுகிறான். அவளே கேட்டாள் என்கிறான். மலையுச்சியிலே இருவரைத் தவிர யாரும் இருக்கவில்லை. ஈதன் அவனிடம் சொன்னதாகவும் இல்லை. ஆனால் மேட்டியின் வாய்ச்சொல்லைக் கேட்ட ஒருத்தி ஊரிலே இருந்தாள். விபத்தின்பின் மேட்டியைக் கொண்டுவந்து கிடத்தியது ஹேலின் மருமகளான அப்பெண்மணியின் பிறந்த வீட்டிலே. நினைவு திரும்பிய மேட்டி தோழியின் முகத்தை நேரே பார்த்து ஏதோ சொன்னாள். அதனை இந்தப் பொறியியலாளனிடம் சொல்லத் தொடங்கிய அப்பெண்மணி, பாதியிலே நிறுத்தி அழுதுவிட்டாள். மேட்டி சில்வர் தன் வாயால் தன் கதையைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அது. அது நாவலில் இல்லை. அவன் மறுபடி கேட்கவில்லை.